சாக்கு இழுத்த கை

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கத் திருமங்கலத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் சோலை 'கோல்ஃப் ஆட்டக்காரர்' என்று எழுதிக் கொடுத்தான். அலுவலகத்தில் இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி அவனைப் பார்த்தார். "அது சரிங்க, வேலை என்ன பாக்குறீங்க?" என்று கேட்டார். அதுதான் வேலை என்றான் சோலை. அவன் மனசு நோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, எழுதியதை அடிக்காமல் அதன் பக்கத்திலேயே 'விவசாயம்' என்றும் ஒரு வார்த்தை எழுதி வைத்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. திருமங்கலத்துக்கு மேற்கே பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் பூமியில் பிறந்த ஒருவன் கோல்ஃப் ஆடிப் பிழைக்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? பெண் கொடுத்த மாமனார் விருமாண்டியே முழுசாக நம்பியதில்லை. விசேஷ வீடுகளில் மருமகன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், வெளியூர் வேலையாக அலைகிறார் என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் நகர்ந்துவிடுவார். அதிலும் பொய் இல்லை. சோலை அலைந்த அலைச்சல் அப்படி.

நெடுஞ்சாலை ஓரத்தில் அப்போது ஒரு நூற்பாலை இருந்தது. அதன் அதிகாரிகள் ஆடுவதற்காகப் பின்பக்கத்துப் பொட்டலில் ஒன்பது குழி வெட்டி மைதானம் போட்டிருந்தார்கள். ஆட்டம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. சின்ன வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழிக்குள் போட வேண்டும். குறைந்த அடியில் போட்டவர் ஜெயித்தவர். குழியைச் சுற்றி மட்டும் புல்லை ஒட்ட வெட்டி, பந்து சீராக உருளும்படி வைத்திருப்பார்கள். அதற்குக் கிரீன் என்று பெயர். குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற ஊரில் புல்லுக்கு எங்கே போவது? மில்காரர்கள் மணலில் பழைய என்ஜின் ஆயிலைக் கலந்து, உருளை விட்டு இறுக்கி, அதைக் கிரீனுக்குப் பதிலாக வைத்துக்கொண்டார்கள். நிறத்தைப் பார்த்து அதற்குப் பிரவுன் என்று பெயரும் வைத்தார்கள்.

மணலில் ஒரு சங்கடம் உண்டு. முன்னால் ஆடியவரின் கால்தடம், பந்து உருண்ட தடம், ஓணான் ஓடிய தடம் எல்லாம் அப்படியே பதிந்து கிடக்கும். அதனால் பந்தைக் குழிக்குள் உருட்டுவதற்கு முன்னால், கம்பில் கட்டிய சாக்கைப் பந்திலிருந்து குழி வரைக்கும் இழுத்து வழியைச் சமப்படுத்துவார்கள். அங்கே அது தப்பில்லை. இழுக்காமல் விட்டால்தான் துரைமார் முறைப்பார்கள். இதற்கென்றே கூலிக்கு நாலைந்து பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி நாகஜோதி.

சோலை பத்தாவது முடித்த கோடையில் அங்கே பை தூக்கச் சேர்ந்தான். ஆடுகிறவரின் மட்டைப் பையைச் சுமந்து, பந்து விழுந்த இடத்தைக் காட்டி, கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. அந்த வேலைக்காரரைக் கேடி என்று சொல்வார்கள். போலீஸ் ஸ்டேஷன் சுவரில் போட்டோ ஒட்டியிருக்கிறவர்களுக்கும் நம் ஊரில் அதே பெயர் என்பதால், அவனுடைய அம்மா அதைக் கடைசி வரைக்கும் வாயால் சொன்னதில்லை.

பை தூக்கித்தான் அவன் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டான். கூடவே இன்னொன்றும் தெரிந்துகொண்டான். இந்த ஆட்டத்தில் கூடவே வந்து எண்ணுகிற அம்பயர் கிடையாது. எத்தனை அடி அடித்தோம் என்பதை ஆடுகிறவர்தான் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். மில் அதிகாரி ஒருவர் முள்ளுக்குள் போன பந்தைக் காலால் வெளியே தள்ளுவார். ஒன்பது அடி அடித்துவிட்டு, எத்தனைடா சோலை என்று கேட்பார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவருக்கு ஆறு வேண்டும். ஆறு சார் என்பான் இவன். அவர் சந்தோஷமாக முதுகில் தட்டுவார். அந்தத் தட்டு விழும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசும். தனக்கென்று ஆட ஆரம்பித்த நாளிலிருந்து சொந்தக் கணக்கில் ஓர் அடிகூடக் குறைத்துச் சொன்னதில்லை. அது ஒழுக்கம் என்பதைவிட, அந்தக் கூச்சம் திரும்ப வரக் கூடாது என்கிற பிடிவாதம்தான்.

சாயங்காலம் துரைமார் கிளம்பிய பிறகு, யாரோ கழித்துக் கொடுத்த பழைய மட்டைகளை வைத்துக்கொண்டு தனியாக ஆடுவான். கூலி முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய நாகஜோதி சாக்கோடு நிற்பாள். மற்றவர்களுக்கு ஒரே இழுப்பு. இவனுக்கு மட்டும் மூன்று தடவை இழுப்பாள். மூன்றாவது இழுப்பில் மணல் சலித்த மாவு மாதிரி ஆகிவிடும். அவன் எதுவும் கேட்டதில்லை, அவளும் எதுவும் சொன்னதில்லை. அந்த மூன்று இழுப்பிலேயே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பெண் கேட்டுப் போனபோது கைத்தொழில் இல்லாதவனுக்குக் கொடுப்பதாக இல்லை என்று விருமாண்டி முறுக்கிக்கொண்டார். இவள் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துவிட்டாள். மூன்றாம் நாள் அவரே வெற்றிலை பாக்கோடு வந்தார்.

மில்லை மூடினார்கள். மைதானம் கருவேலங்காடானது. சோலை அதற்காக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கவில்லை. வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இறங்கிப் பந்தடித்தான். ஆடு மேய்க்கிறவர்களிடம் அவன் வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை. இருபத்து நாலு வயதில் தொழில்முறை ஆட்டக்காரன் என்று பதிவு செய்துகொண்டான். பரிசுக்கு ஆடலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் எந்த உத்தரவாதமும் இல்லை. நாட்டில் நடக்கும் பெரிய பந்தயங்களில் எல்லாம் ஆட வேண்டுமானால் கார்டு வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை அதற்கென்று தேர்வுப் பந்தயம் நடக்கும். நாலு நாள் ஆட வேண்டும். நாலு நாளும் சேர்த்துக் குறைவாக அடித்த முதல் முப்பது பேருக்குக் கார்டு. கிடைக்காதவர்கள், யாராவது வராமல் போனால் அந்த இடத்தில் இறங்கலாம் என்று மைதானத்து வாசலில் காத்துக் கிடக்க வேண்டும்.

சோலை பன்னிரண்டு வருடம் வாசலில் கிடந்தான். கோயம்புத்தூர், பெங்களூர், அதற்கும் வடக்கே வாயில் நுழையாத பெயருள்ள ஊர்கள் எல்லாம் போனான். பஸ்ஸில் அவனுடைய பையைப் பார்த்து, உள்ளே கடப்பாரையா என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் போடாத கண்டக்டர் இல்லை. ஒரு தடவை ஒரு பந்தயத்தில் ஒன்பதாவதாக வந்தான். பேப்பரில் பெயர் வந்தது, அதுவும் தப்பாக அச்சாகி. கார்டு மட்டும் கிடைக்கவில்லை. எட்டுத் தடவை தேர்வுப் பந்தயம் ஆடி எட்டுத் தடவையும் திரும்பி வந்தான். அத்தனை வருடமும் வீட்டை ஓட்டியது நாகஜோதியின் தையல் மெஷின். ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கி அவன் தலையைத் தொங்கப்போட்டு வரும்போது, என்ன ஆச்சு என்று அவள் கேட்டதே இல்லை. வெந்நீர் வைத்திருக்கிறேன், குளித்துவிட்டு வாருங்கள் என்பாள்.

முப்பத்தாறு வயதில் சோலை ஒரு முடிவுக்கு வந்தான். அப்போது திருமங்கலத்துக்கு மேற்கே, மலை பார்த்த பக்கம், ஒரு கம்பெனிக்காரர்கள் பெரிய விடுதி கட்டிப் பதினெட்டுக் குழியில் புல் மைதானம் போட்டிருந்தார்கள். விருந்தாளிகளுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், வருகிறாயா என்று அவனைக் கூப்பிட்டார்கள். அந்த வருடத் தேர்வுப் பந்தயமும் அதே மைதானத்தில், தை மாதம், நடப்பதாக இருந்தது. இதுதான் கடைசி, கார்டு கிடைக்காவிட்டால் சொல்லிக்கொடுக்கிற வேலையில் உட்கார்ந்துவிடுகிறேன் என்று நாகஜோதியிடம் சொன்னான். கிடைக்கும் என்று மட்டும் சொன்னாள் அவள்.

சொந்த ஊர்க் காற்று என்பது லேசான விஷயமில்லை. முதல் மூன்று நாளும் சோலை ஆடியதைப் பார்த்து வடக்கத்தி ஆட்டக்காரர்கள் இவன் யார் என்று விசாரித்தார்கள். மூன்று நாளில் இருநூற்றுப் பதினாறு அடி. இருபத்தாறாவது இடம். நாலாவது நாளும் அப்படியே ஆடினால் கார்டு கைக்கு வந்துவிடும். மூன்று நாளும் அவனுக்குப் பை தூக்கியது பேயாண்டி, மில் காலத்துக் கூட்டாளி. நாலாவது நாள் விடியற்காலை பேயாண்டியின் மனைவி போன் செய்தாள். அவருக்கு அம்மை போட்டிருக்கிறது, உடம்பெல்லாம் முத்து, வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது என்றாள்.

சோலைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரத்துக்கு வேறு ஆளை எங்கே போய்த் தேடுவது? நாகஜோதி கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அஞ்சு வருசம் சாக்கோட பிரவுனச் சுத்தி வந்தவ. இன்னைக்குப் பையோட சுத்தப் போறேன், அம்புட்டுத்தானே?" என்றாள்.

நாகஜோதியின் தம்பி ராம்கி அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுடைய ஆட்டோவில்தான் போனார்கள். போகிற வழியெல்லாம் சோலை அவளுக்குப் பாடம் எடுத்தான். அடுத்தவர் அடிக்கும்போது மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. நிழல் யார் வழியிலும் விழக் கூடாது. பந்தை நான் சொல்லாமல் தொடக் கூடாது. மட்டையைத் துடைத்துத் துடைத்துக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் அவள் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். ஒன்றே ஒன்றைச் சொல்ல மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. புல் மைதானத்தில் பந்து போகிற வழியைத் துடைக்கக் கூடாது. பனி கிடந்தால் பனியோடுதான் உருட்ட வேண்டும். அவனும் முதல் வருடம் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அப்படிக் குனிந்து துடைத்து, கூட இருந்தவர்கள் அலறித் தடுத்ததில்தான் கற்றுக்கொண்டான். கற்று ரொம்பக் காலம் ஆகிவிட்டதால், தனக்கு அது ஒரு காலத்தில் தெரியாமல் இருந்தது என்பதையே மறந்திருந்தான்.

ஏழு மணிக்கு ஆட்டம். தை மாதத்துப் பனி புல் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. முதல் இரண்டு குழியும் ஒழுங்காக முடிந்தது. மூன்றாவது குழியில் அவனுடைய பந்து கிரீனில், குழிக்கு மூன்று கஜம் தள்ளி நின்றது. கூட ஆடிய பெங்களூர்ப் பையன் அந்தப் பக்கம் மணல் பள்ளத்துக்குள் இறங்கிப் போராடிக்கொண்டிருந்தான். சோலை அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினான். திரும்பியபோது நாகஜோதி தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, பந்திலிருந்து குழி வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தாள். அது மூன்றாவது இழுப்பு. வெள்ளைப் பனிக்கு நடுவே பச்சையாக ஒரு பாதை விழுந்திருந்தது.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். மில் மைதானத்தில் சாயங்காலம் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

ஆடுகிறவன் செய்தாலும் பை தூக்குகிறவர் செய்தாலும் விதி ஒன்றுதான், இரண்டு அடி தண்டனை. துடைத்த பனியைத் திரும்பக் கொண்டுவந்து போட முடியாது. பெங்களூர்ப் பையனும் அவனுடைய ஆளும் பள்ளத்துக்குள் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு எது தப்பு, எது சரி என்று தெரியாது. விஷயம் தெரிந்து பார்த்த கண் சோலையுடையது ஒன்றுதான். அந்த இடத்திலேயே பையனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பக்கத்தில் நிற்கிற அவளுக்குத் தெரிந்துவிடும். பன்னிரண்டு வருடம் வெந்நீர் வைத்துக் கொடுத்தவள், தன் கையால்தான் இது நடந்தது என்று தெரிந்துகொண்டு இன்னும் பதினைந்து குழிக்குப் பையைச் சுமக்க வேண்டும். சோலை யாரையும் கூப்பிடவில்லை. பந்தை உருட்டினான். பச்சைப் பாதையில் நேராகப் போய்க் குழிக்குள் விழுந்தது.

ஆட்டம் முடிந்து, கூடாரத்தில் அடிக்கணக்குத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொன்னாலும் செல்லும். அங்கே பை தூக்குகிறவர்களுக்கு அனுமதி இல்லை. அதுவரைக்கும் மனசுக்குள் இரண்டைக் கூட்டிக்கொண்டே ஆடுவது, அந்த இரண்டையும் ஆட்டத்திலேயே ஈடுகட்டுவது என்று தீர்மானித்துக்கொண்டான்.

ஈடுகட்டத்தான் பார்த்தான். அவன் ஆயுளில் அப்படி ஆடியதில்லை. ஏழாவது குழியில் மரத்துக்குப் பின்னாலிருந்து அடித்த அடிக்கு ராம்கி விரலை மடக்கி விசில் அடித்தான். அமைதி என்று எழுதிய பலகையோடு ஒருவர் ஓடிவந்தார். மாடு பிடிக்கிறவனுக்கே அவனியாபுரத்தில் விசில் அடிக்கிறோம், எங்கள் மச்சானுக்கு அடிக்கக் கூடாதா என்று ராம்கி அவரிடம் நியாயம் கேட்டான். நாகஜோதி தூரத்திலிருந்தே முறைத்து அவனை அடக்கினாள். பன்னிரண்டாவது குழிக்கு நடக்கும்போது, சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன என்று சோலைக்கு ஒரு நினைப்பு வந்தது. இரண்டு அடிதானே, யாருக்கு நஷ்டம் என்று தோன்றியது. வந்தது என்ன, கூடவே நடந்து வந்தது. முப்பதாவது இடத்துக்கு முட்டிமோதிக்கொண்டிருக்கிற யாரோ ஒருவனுக்கு நஷ்டம் என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டான். அவனும் ஏதோ ஓர் ஊரில் வாசலில் கிடந்தவனாகத்தான் இருப்பான்.

பதினெட்டாவது குழிக்கு வந்தபோது, மொத்தம் இருநூற்று எண்பத்தேழு வரைக்கும் கார்டு கிடைக்கும் என்று பேச்சு அடிபட்டது. கடைசியாக உருட்ட வேண்டியது இரண்டு கஜம் தூரம். போட்டால் பலகையில் இருநூற்று எண்பத்தைந்து என்று வரும், தவறினால் எண்பத்தாறு. எப்படியும் உள்ளே என்று சொந்தக்காரர்கள் மாலையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சோலைக்கு மட்டும்தான் தெரியும், போட்டால் எண்பத்தேழு, தவறினால் எண்பத்தெட்டு. அவ்வளவு கூட்டத்தில் அந்தப் பந்துக்காகத் தவித்தவன் அவன் ஒருவன்தான்.

பந்து குழியின் விளிம்பைத் தொட்டு, சுற்றி, வெளியே நின்றுவிட்டது. பரவாயில்லைங்க என்று நாகஜோதி மெல்லச் சொன்னாள். கூட்டம் கை தட்டியது. ராம்கி இந்தத் தடவை தாராளமாக விசில் அடித்தான்.

கையெழுத்துப் போடுகிற கூடாரத்தில் விதி அதிகாரி செல்வக்குமார் உட்கார்ந்திருந்தார். அந்த மைதானத்திலேயே வேலை பார்க்கிறவர், கறாரான மனிதர். மூன்றாவது குழியில் வழியில் கிடந்த பனியைத் துடைத்தாகிவிட்டது, இரண்டு அடி கூட்டிக்கொள்ளுங்கள் என்று சோலை சொன்னான். அவர் பேனாவைக் கீழே வைத்தார். துடைத்தது நீங்களா, உங்கள் கேடியா என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றான் சோலை.

மில்லில் சொன்ன 'ஆறு சார்'களை விட்டுவிட்டால், ஆட்டத்தில் அவன் சொன்ன பொய் இது ஒன்றுதான். இந்தப் பொய்யில் ஓர் அடிகூடக் குறையவில்லை என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

பலகையில் அவன் பெயருக்கு நேரே எண்பத்தாறு அழிந்து எண்பத்தெட்டு வந்தது. கணக்கு எண்பத்தேழோடு நின்றுவிட்டது. என்ன நடந்தது என்று விளங்க விருமாண்டிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நாலு நாளில்தான் மருமகனின் தொழில் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்திருந்தது, பாவம். கையில் மாலையோடு நின்றவர், "அத யாரு மாப்ள பாத்தா?" என்று கேட்டார்.

"நான் பாத்தேன் மாமா" என்றான் சோலை.

வீட்டுக்கு வந்ததும், வழக்கத்துக்கு மாறாக, நாகஜோதி கேட்டாள். மூன்றாவது குழியில் நான் பக்கத்திலேயேதானே நின்றேன், அப்படி என்ன தப்பு செய்தீர்கள் என்றாள். சொன்னாலும் உனக்குப் புரியாது, விட்டுவிடு என்றான் அவன். பதினெட்டுக் குழிக்கும் பையைச் சுமந்து தோள் கன்றிப்போய் நின்றவளிடம் சொல்லக் கூடிய வார்த்தையா அது? வேறு வார்த்தை அவனுக்கு அகப்படவில்லை. அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது என்பது அவனுக்குத் தெரியும். டிவியில் கோல்ஃப் ஓடினால், எனக்கெங்கே இதெல்லாம் புரியப் போகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

சொன்னபடி சோலை வேலையில் சேர்ந்தான். சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்களுக்கு, மட்டையை உலக்கை மாதிரிப் பிடிக்காதீர்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். நல்ல வாத்தியார் என்று பெயரும் எடுத்தான். வெளியூர்ப் பந்தயம் நடக்கிற நாட்களில் மட்டும் போனில் யார் எத்தனை அடி என்று திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்வான்.

பத்து மாதம் போனது. மைதானத்தில் பை தூக்கப் பக்கத்து ஊர்ப் பெண்களை எடுக்கிறார்கள், பத்து நாள் பயிற்சி என்று தகவல் வந்தது. நாகஜோதி பெயர் கொடுத்துவிட்டு வந்துதான் அவனிடம் சொன்னாள். புரியாததைப் புரிந்துகொள்ளப் போகிறேன் என்றாள். அவனால் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, ஏன் என்று விளக்கவும் முடியவில்லை. பாடம் எடுப்பவர் செல்வக்குமார். அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டு வைக்கலாம் என்று தினமும் நினைப்பான். தினமும் தள்ளிப்போடுவான்.

ஆறாவது நாள், வேப்பமரத்தடியில் பெண்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு விருந்தாளிக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்த சோலைக்குச் செல்வக்குமாரின் குரல் தெளிவாகக் கேட்டது. பனியைப் பற்றிய பாடம். துண்டால் துடைக்காதீர்கள், காலால் தேய்க்காதீர்கள், நீங்கள் துடைத்தால் தண்டனை உங்கள் ஆட்டக்காரருக்கு என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன தை மாதம், இதே மைதானத்தில், மூன்றாவது குழியில் ஒருவர் பனியைத் துடைத்துவிட்டார், யாரும் பார்க்கவில்லை, நான்தான் துடைத்தேன் என்று அவரே வந்து சொல்லிக் கைக்கு வந்த கார்டை விட்டுவிட்டார் என்று சொல்லி, அதோ நிற்கிறார் பாருங்கள் என்று கையைக் காட்டினார். பெண்கள் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

நாகஜோதி தட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோலை விருந்தாளியின் மட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றைக்கு வீட்டில் அவள் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் பயிற்சிக்குப் போனாள், சமைத்தாள், மகளுக்குத் தலை பின்னினாள். சோலைக்குத்தான் சோறு இறங்கவில்லை. அழுதாலும் தேவலை, ஏன் மறைத்தீர்கள் என்று சண்டை போட்டாலும் தேவலை என்றிருந்தது. மூன்று நாள் அப்படியே போனது. நாலாவது நாள் சாயங்காலம், அவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஜெராக்ஸ் கடையில் எடுத்த ஒரு தாளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். தேர்வுப் பந்தய விண்ணப்பம். கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தவிர எல்லாவற்றையும் அவளே நிரப்பியிருந்தாள்.

கடைசி என்று சொல்லிவிட்டேனே என்றான் அவன். நீங்கள் சொன்னீர்கள், நான் சொல்லவில்லை என்றாள் அவள். பேயாண்டிக்கு இப்போது முட்டி வலி, பை தூக்க முடியாதே என்று அடுத்து இழுத்தான். பேயாண்டி அண்ணனிடம் பேசியாகிவிட்டது, நான்தான் தூக்கப் போகிறேன் என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் உள்ளே போய், மட்டைப் பையில் தொங்கிய துண்டை உருவிக்கொண்டு வந்தாள். அதை நாலாக மடித்து அவன் தோளில் போட்டாள். போட்ட கையை எடுக்கவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது.

"பை என் தோள்ல. துண்டு மட்டும் ஒங்க தோள்லயே கெடக்கட்டும்" என்றாள்.

சோலைக்கு அத்தனை மாதமும் நெஞ்சில் கிடந்த கனம் அப்போது அழுகையாக வந்தது. துண்டு தோளில் தயாராகத்தான் இருந்தது, துடைத்துக்கொண்டான். பிறகு பேனாவைத் தேடினான்.